சோறு போடும் பெடல். உயிரை வாங்கும் பெடல்! காலடியில் கவனம் தேவை

சென்னையில் "பெடல்" என்ற சொல் காதில் விழாத நாளே கிடையாது. ஆனால் ஆளுக்கு ஆள் அர்த்தம் வேறு!

சைக்கிள் கடையில் அது ரப்பர் வைத்த கட்டை. தையல்காரருக்கு மிஷினுக்கு அடியில் காலால் ஆட்டும் இரும்புத் தட்டு. ஒருவன் ஒரு காரியத்தைப் பிரமாதமாக முடித்தால் "பின்னிப் பெடல் எடுத்துட்டான்" என்பார்கள். ஆளை வெளுத்து வாங்கினாலும் அதே பேச்சுதான்!

குரங்குப் பெடல்

சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத பையன்கள், பெரிய சைக்கிளின் பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டுவது "குரங்குப் பெடல்". முட்டி தேயாமல் அதைக் கற்றவர் குறைவு. 2024-ல் அந்தப் பெயரிலேயே தமிழ்ப் படம் வந்தது.

வயிற்றுப் பிழைப்பு

மனிதனை மனிதன் இழுத்த கை ரிக்‌ஷா, 1973-ல் கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது ஒழிக்கப்பட்டது. இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்கப்பட்டது. வெயிலும் பாரமும் குறையவில்லை. ஆனாலும் மாடு மாதிரி ஓடியவர்கள், சீட்டில் உட்கார்ந்து பெடல் மிதித்துக் குடும்பம் நடத்தினார்கள். பிறகு ஆட்டோக்கள் பெருகி, அந்தப் பிழைப்பும் போயிற்று.

எமனாகும் பெடல்

காரில் இருக்கும் பெடல்தான் ஆபத்தானது. வலது ஓரம் ஆக்சிலேட்டர், பக்கத்திலேயே பிரேக். இரண்டுக்கும் வலது கால்தான். பதற்றத்தில் கால் மாறினால், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து விடுவார்கள். வண்டி சீறும். சீறச் சீற இன்னும் ஓங்கி மிதிப்பார்கள்!

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் 2019 ஏப்ரல் மாதம் இப்படித்தான் நடந்தது. 87 வயது முதியவர் ஓட்டிய கார் தறிகெட்டு ஓடியது. சைக்கிளில் சென்ற தாயும், 3 வயது மகளும் பரிதாபமாக இறந்தனர். காரில் கோளாறு என்று முதியவர் வாதாடினார். கோர்ட்டு ஏற்கவில்லை. பெடலை மாற்றி மிதித்ததே காரணம் என்று 2021-ல் அவருக்கு 5 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது.

உருளும் பாட்டில்

இன்னொரு ஆபத்தும் உண்டு. டிரைவர் காலடியில் போட்ட தண்ணீர் பாட்டில் உருண்டு, பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் பிரேக் முழுசாக இறங்காது. செருப்பைக் கழற்றிப் போட்டாலும் இதே கதிதான்.

வண்டியை எடுக்கும் முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள். கால் நிமிடம்கூட ஆகாது!