எட்டெழுத்துப் பாஸ்வேர்டுக்கு என்ன ஆயிற்று?

“அக்கா, புது கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு இருந்தா எட்டெழுத்து பாஸ்வேர்டை அரை நாள்ல உடைச்சிடலாமாமே, நெசமா?”

தெருமுனை ஜெராக்ஸ் கடைத் தம்பி டீ கிளாஸை நீட்டியபடி கேட்டார். ஊர்க்காரர்களின் விண்ணப்பமும் பாஸ்வேர்டும் நாளெல்லாம் அவர் கைவழியாகத்தான் போகின்றன. அவருக்கு இந்தக் கவலை வந்ததில் வியப்பில்லை. நெசம்தான் என்றேன். ஆனால் எங்கே, எப்போது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் முழுசாகும். அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வங்கியின் லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டை நாலைந்து தடவை தப்பாகப் போட்டால் கணக்கு முடங்கிவிடும். அங்கே உலகத்திலேயே வேகமான கார்டை வைத்திருந்தாலும் பயனில்லை. ஒவ்வொரு யூகமும் இணையம் வழியாகப் போய், சர்வர் தன் வேகத்தில் பதில் சொல்லி, அந்தப் பதில் திரும்பி வர வேண்டும். கார்டுக்கு வேலை வருவது அந்தத் தளத்தின் டேட்டாபேஸ் திருடு போன பிறகு. அப்போது கோப்பு திருடனின் சொந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும். எத்தனை தடவை முயல்கிறான் என்று எண்ண அங்கே ஆளில்லை, தடுக்கவும் ஆளில்லை.

“திருடிட்டா அதுலயே பாஸ்வேர்டு இருக்குமே, அப்புறம் எதுக்கு உடைக்கணும்?” என்றார் தம்பி. சரியான கேள்வி.

ஒழுங்காக நடத்தப்படும் தளம் எதுவும் நம் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ஒரு கணக்குக்குள் செலுத்தி, வெளியே வரும் எண்ணை மட்டும் சேமிக்கிறது. அந்த எண்ணுக்கு ஹாஷ் என்று பெயர். அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது, ஹாஷும் அப்படித்தான். நாம் மறுபடி லாகின் செய்யும்போது, இப்போது தட்டியதை அதே கணக்கில் போட்டு, பழைய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று சர்வர் பார்க்கிறது. திருடனும் அதையே செய்கிறான். ஒரு சொல்லை யூகிக்கிறான், ஹாஷ் போடுகிறான், ஒப்பிடுகிறான். பொருந்தாவிட்டால் அடுத்த சொல். ஆக, ஒரு நொடிக்கு எத்தனை ஹாஷ் போட முடியும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இங்கேதான் கிராஃபிக்ஸ் கார்டு நுழைகிறது. ஒரு சாதாரணத் திரையில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். விளையாட்டு ஓடும்போது ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் நொடிக்கு 60 தடவை புதிதாகக் கணக்கிட வேண்டும். கணக்கு சின்னதுதான், ஆனால் எல்லாப் புள்ளிக்கும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அதற்காகவே சின்னச் சின்னக் கணக்குப் பிரிவுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி அந்தச் சில்லைச் செய்கிறார்கள். 2022இல் வந்த, என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் அப்படி 16,384 பிரிவுகள் உள்ளன. 2007இல் கூடா என்ற மென்பொருள் தளத்தை என்விடியா வெளியிட்ட பிறகு, படம் வரையாத கணக்குகளையும் அந்தப் பிரிவுகளில் ஓட்டுவது எளிதாயிற்று. பாஸ்வேர்டு உடைப்பவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். எம்டி5, ஷா-1 போன்ற பழைய ஹாஷ் முறைகளுக்கு நினைவகம் அதிகம் வேண்டாம். சில கூட்டல், சில பிட் மாற்றம், அவ்வளவுதான். கார்டுக்கு இதைவிடத் தோதான வேலை கிடைக்காது. வேகமாக இருப்பதற்காக அந்த முறைகளைக் குறை சொல்லவும் முடியாது. பெரிய கோப்பு மாறாமல் வந்து சேர்ந்ததா என்று சட்டெனச் சரிபார்ப்பது போன்ற வேலைகளுக்கு வேகம் வேண்டும் என்று செய்யப்பட்டவை அவை. பாஸ்வேர்டைக் காக்க அவற்றை வைத்தவர்கள்தான் தவறான இடத்தில் வைத்தார்கள்.

இப்போது எண்களுக்கு வருவோம். ஆங்கில விசைப்பலகையில் அடிக்கக்கூடிய குறிகள் 95. எட்டிடத்தில் அவற்றை எப்படி மாற்றி அடுக்கினாலும் மொத்தம் சுமார் 6,634 லட்சம் கோடி வகைதான். 2012இல் ஜெரமி கோஸ்னி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 25 கிராஃபிக்ஸ் சில்லுகளை ஒன்றாக இணைத்து, விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎல்எம் ஹாஷை நொடிக்கு 35,000 கோடி என்ற வேகத்தில் போட்டுக் காட்டினார். அந்த 6,634 லட்சம் கோடியும் ஐந்தரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பத்தாண்டு கழித்து வந்த 4090, ஒரே கார்டாக, அதே ஹாஷை நொடிக்கு சுமார் 28,800 கோடி போடுகிறது. 25 சில்லுகள் சேர்ந்து செய்த வேலை ஒரு மேசைக்கடியில் அடங்கிவிட்டது: ஆறரை மணி நேரம். எம்டி5 என்றால் பதினொரு மணி நேரம். தம்பி கேள்விப்பட்ட ‘அரை நாள்’ இதுதான். கார்டு சொந்தமாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. செயற்கை நுண்ணறிவுக்காக வாங்கிக் குவித்த கார்டுகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள்.

இதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பத்தாண்டில் ஒரு சில்லின் வேகம் சுமார் 20 மடங்கு கூடியது. பாஸ்வேர்டில் ஓர் எழுத்து கூடினால் வேலை 95 மடங்கு கூடுகிறது. என்டிஎல்எம் ஹாஷிலேயே ஒன்பது எழுத்துக்கு அந்த 4090 கார்டு 25 நாள் ஓட வேண்டும், பத்தெழுத்துக்கு ஆறரை ஆண்டுக்கு மேல், பன்னிரண்டுக்கு ஏறத்தாழ 60,000 ஆண்டு. பத்தாண்டு உழைத்துச் சில்லுக்காரர்கள் கூட்டிய வேகத்தை ஒரே ஓர் எழுத்து தின்றுவிடுகிறது. கார்டு வேகத்தைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் இந்தப் பாதியைச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆனால் இந்தக் கணக்கு, எழுத்துகள் சீட்டுக் குலுக்கியது போலத் தற்செயலாக விழுந்திருந்தால்தான் செல்லும். நாம் அப்படி வைப்பதில்லை. ஒரு பெயர், முதலெழுத்து பெரியது, பிறகு @, பிறகு பிறந்த ஆண்டு: குமரன்@1987 என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். பன்னிரண்டு குறி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு என்று தளம் கேட்ட நிபந்தனை எல்லாம் நிறைவேறிவிட்டது; பச்சை டிக் கூட விழும். உடைப்பவன் 95 குறிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க மாட்டான். ஒரு லட்சம் பெயர், பத்துக் குறியீடு, நூறு ஆண்டு என்று பெருக்குவான். மொத்தம் பத்துக் கோடி. 4090க்கு அது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. இந்த மாதிரி விதிகளை எழுதிக் கொடுத்தால் ஓட்டுவதற்கென்றே ஹாஷ்கேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்தின் 3.2 கோடி பாஸ்வேர்டுகள், ஹாஷ்கூடப் போடாமல் வைத்திருந்தவை, வெளியே வந்தன. மனிதர்கள் பாஸ்வேர்டு வைக்கும் பழக்கத்தை உடைப்பவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே படித்தார்கள்.

“அப்ப தப்பு நம்ம மேலதானாக்கா?”

பாதிதான் என்பேன். மறுபாதி, சேமித்து வைப்பவர் மேல். அந்தப் பாதியை யாரும் பேசுவதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

1979இலேயே ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் இருவரும், அன்றைய பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் செய்தவர்கள், இதற்கு விடை எழுதிவிட்டார்கள். அவர்கள் திரட்டிய 3,289 பாஸ்வேர்டுகளில் 86 சதவீதம், மிகக் குட்டையாகவோ அகராதியில் இருப்பதாகவோ இருந்தன. மக்களைத் திட்டிப் பயனில்லை என்று அவர்களுக்குப் புரிந்தது. கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள்: ஒரே மறையாக்கத்தை 25 தடவை திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஒவ்வொருவரின் பாஸ்வேர்டோடும் ஒரு தனி எண்ணையும் கலந்தார்கள். அதற்கு சால்ட் என்று பெயர். இருவர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் சால்ட் இருந்தால் ஹாஷ் வேறுவேறாக வரும். திருடன் ஒரே யூகத்தில் எல்லாரையும் பிடிக்க முடியாது. 33 ஆண்டு கழித்து, 2012இல், லிங்க்ட்இன் தளத்தின் 65 லட்சம் ஹாஷ்கள் வெளியாயின. சால்ட் இல்லாத வெறும் ஷா-1. 2016இல்தான் தெரிந்தது, போனது 11.7 கோடி என்று. இத்தனை பெரிய நிறுவனம், இத்தனை பழைய பாடம்.

1999இல் நீல்ஸ் ப்ரோவோஸ், டேவிட் மாசியெர் இருவரும் பீகிரிப்ட் என்ற முறையைக் கொடுத்தார்கள். அதில் எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பதை ஓர் எண்ணால் கூட்டிக்கொள்ளலாம். எண்ணில் ஒன்று கூடினால் வேலை இரட்டிப்பு. கார்டுகள் வேகமாக ஆக, தளக்காரர் அந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போகலாம். அந்த எண் 12 என்றால் 4090 நொடிக்குச் சுமார் 1,400 யூகம்தான் செய்யும். 28,800 கோடி எங்கே, 1,400 எங்கே! எட்டெழுத்து முழுவதையும் அலச ஒன்றரை லட்சம் ஆண்டு. குமரன்@1987க்குக்கூட 19 மணி நேரம், அதுவும் சால்ட் இருப்பதால் ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாக. பாஸ்வேர்டு ஹாஷ் முறைகளுக்கான சர்வதேசப் போட்டியில் 2015இல் வென்ற ஆர்கான்2 இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு யூகத்துக்கும் நினைவகத்தையும் கேட்கும். 64 எம்பி கேட்கும்படி வைத்தால், 24 ஜிபி உள்ள 4090இல் ஒரே நேரத்தில் 384 யூகம்தான் இடம்பிடிக்கும். பதினாறாயிரம் பிரிவுகளில் பெரும்பாலானவை கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

நல்ல முறையைப் போட்டாலும் போதாது என்பதற்கு 2015இல் நடந்த ஆஷ்லி மேடிசன் திருட்டு சாட்சி. திருமணத்துக்கு வெளியே உறவு தேடுவோருக்கான கனடா தளம் அது. பாஸ்வேர்டுகளை பீகிரிப்ட் 12இல் வைத்திருந்தார்கள். பாராட்ட வேண்டிய செயல். ஆனால் வேறொரு வசதிக்காக, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குப் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து எம்டி5 போட்டு இன்னொரு பத்தியில் வைத்திருந்தார்கள், அதுவும் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி. சைனோஷ்யூர் பிரைம் என்ற குழு பீகிரிப்டை நேரடியாக உடைக்க முயலவே இல்லை. அந்த எம்டி5 பத்தியை உடைத்து, கிடைத்ததைப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றி பீகிரிப்டோடு சரிபார்த்து, சில நாட்களில் 1.1 கோடிக்கு மேல் எடுத்துவிட்டது. அங்கே கணக்கு வைத்தவர்கள் எத்தனை கவனமாக இருந்திருந்தாலும் அந்தப் பத்தி இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

நம் வீட்டுப் பக்கம் வருவோம். வைஃபை பாஸ்வேர்டாகச் செல்பேசி எண்ணை வைக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. இந்தியச் செல்பேசி எண் 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்திலக்கம். மொத்தம் 400 கோடி. ரவுட்டரோடு போன் இணையும்போது பறக்கும் செய்தியைத் தெருவில் நின்று பிடித்துக்கொண்டால், மிச்சத்தை வீட்டில் வைத்து உடைக்கலாம். வைஃபையின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறை கணக்கை 4,096 சுற்று ஓட்டுவதால் 4090 நொடிக்கு 25 லட்சம்தான் போடும். அப்படியும் அரை மணி நேரத்துக்குள் எல்லா எண்ணும் முடிந்தது. தம்பியின் கடைக்கு இன்னொரு விஷயம்: இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். நூறு ஆண்டை எடுத்துக்கொண்டாலும் நாலரைக் கோடிச் சேர்க்கைதான். அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டே தேவையில்லை. பெயரும் வயதும் தெரிந்தவருக்கு யூகிக்கவும் தேவையில்லை. பிரிண்ட் எடுத்ததும் டவுன்லோடு ஃபோல்டரிலிருந்து அழித்துவிடச் சொன்னேன். அங்கேயே செய்தார்.

மற்றபடி, பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்துக்கும் அதுவே குலுக்கிப்போடும் பதினாறு எழுத்தை வைப்பது நல்லது. அந்த மேனேஜருக்கு மட்டும் மனப்பாடமாக ஒன்று வேண்டும். அதற்குப் பகடை உருட்டிச் சொல் எடுக்கும் முறை இருக்கிறது: 7,776 சொல் கொண்ட பட்டியல், ஐந்து பகடை, ஒவ்வோர் உருட்டலுக்கும் ஒரு சொல். நான்கு சொல் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். என்டிஎல்எம் போல வேகமான ஹாஷாக இருந்தால் நான்கு சொல்லை 4090 நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஆறு சொல் என்றால் 24,000 ஆண்டு. சொற்களைப் பகடைதான் எடுக்க வேண்டும். பிடித்த பாட்டின் வரியை வைத்தால், பாட்டுப் பட்டியலும் உடைப்பவர் கையில் இருக்கிறது.

சேமிப்பவர் எப்படி வைத்திருக்கிறார் என்று வெளியிலிருந்து பார்க்க முடியாதா என்று தம்பி கேட்டார். முழுதாக முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். ‘பாஸ்வேர்டை மறந்துவிட்டேன்’ என்பதை அழுத்துங்கள். புதியது வைக்க இணைப்பு வந்தால் சரி. நீங்கள் வைத்த பழைய பாஸ்வேர்டே மின்னஞ்சலில் திரும்பி வந்தால், அவர்களிடம் இருப்பது ஹாஷ் இல்லை. திருடனுக்கு அங்கே எந்தக் கார்டும் வேண்டாம். அந்தத் தளத்தில் கணக்கை மூடிவிட்டு, அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.