கட்டிப் போட்டால் அடங்குமா?

குட்டி நாயை எல்லோருக்கும் பிடிக்கும். மடியில் படுக்கும். விரலை நக்கும். கூப்பிட்டால் உருண்டு உருண்டு ஓடி வரும். நான்கு, ஐந்து மாதம் இப்படிப் போகும்.

பிறகு அதே நாய் செருப்பைக் கடித்துக் குதறும். வீட்டுக்கு வந்தவர் மேல் பாயும். தெருவில் நம்மை இழுத்துக் கொண்டு ஓடும். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. "இது கெட்டுப் போச்சு" என்று சொல்லி விடுகிறோம். கடையில் சங்கிலி வாங்கி வந்து கட்டிப் போடுகிறோம்.

நாய் கெட்டுப் போகவில்லை. அதற்கு வாலிப வயது வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

நாயின் வாலிபம் சுமார் ஆறு மாதத்தில் தொடங்கும். ஒன்றரை வயது வரை இருக்கும். பெரிய நாய்களுக்கு இரண்டு வயது வரைகூட நீளும். இந்தக் காலத்தில் பல் எல்லாம் முளைத்து விடுகிறது. காலில் பலம் வந்து விடுகிறது. ஆனால் புத்தி இன்னும் முதிரவில்லை. உடம்பு பெரிய நாயின் உடம்பு. புத்தி குட்டியின் புத்தி.

நம் வீட்டுப் பதினைந்து வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். அம்மா சொன்னால் கேட்க மாட்டான். அதையே பக்கத்து வீட்டு மாமா சொன்னால் உடனே செய்வான். நாயும் அப்படித்தான். இது வேடிக்கைப் பேச்சு அல்ல. இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஐந்து மாதத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட நாய்கள், எட்டு மாதத்தில் வளர்த்தவர் பேச்சை அவ்வளவாகக் கேட்கவில்லை. அதே நாய்கள் புதிய ஆள் "உட்கார்" என்றால் உட்கார்ந்தன! ஒரு வயது ஆனபோது நிலைமை சீராகி வந்தது.

ஆகவே இது கொஞ்ச காலத்துத் தொல்லை. ஆனால் அந்தக் கொஞ்ச காலத்தைப் பொறுக்காமல்தான் பலர் நாயைத் தெருவில் விட்டு விடுகிறார்கள்.

கட்டிப் போட்டால் என்ன ஆகும்?

நாங்கள் இருப்பது கர்நாடகத்தில், கோலார் தங்கவயலில். இங்கே 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு நிறையப் பேருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். விடியும் முன் ரயில் ஏறுவார்கள். இருட்டிய பின் திரும்புவார்கள். அதுவரை நாய் வாசலில் கட்டிக் கிடக்கும்.

எங்கள் லைனில் ஓர் அக்கா வீட்டில் டைகர் என்று ஒரு நாய். நாட்டு நாய். செவலை நிறம். வயது பத்து மாதம். அக்காவும் மகனும் ரயிலுக்குப் போய் விடுவார்கள். வீட்டில் பாட்டி மட்டும். டைகரை இரண்டு அடிச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். பகல் எல்லாம் குரைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கல் எறிவார்கள். அது இன்னும் குரைக்கும். ஒரு நாள் இரவு மகன் வந்து சங்கிலியை அவிழ்த்தான். டைகர் பாய்ந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்த பாட்டி கீழே விழுந்தார். கை வீங்கி விட்டது.

"சாக்குல போட்டுப் பங்காருப்பேட்டைப் பக்கம் விட்டுட்டு வந்துடலாம்" என்றார் அக்கா.

பாட்டி ஒத்துக் கொள்ளவில்லை. "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ரெண்டு அடியில கட்டி வெச்சா நீயுந்தான் பாய்வே" என்றார்.

பாட்டி சொன்னதுதான் சரி. வாலிப நாய்க்கு ஓட வேண்டும். முகர்ந்து பார்க்க வேண்டும். கடிக்க ஏதாவது வேண்டும். சங்கிலியில் இது எதுவும் நடக்காது. பலம் எல்லாம் உள்ளேயே சேரும். அவிழ்த்ததும் ஒரேயடியாக வெளியே வரும். இன்னொன்றும் உண்டு. அவிழ்த்து விட்ட நாய் பயந்தால் ஓடி விடும். கட்டிய நாயால் ஓட முடியாது. அதனால் கடிக்கும். அடி வாங்கிய நாயும் பயத்தில்தான் கடிக்கிறது. தடியால் அடித்து அடக்கிய நாயை வீட்டில் சின்னப் பிள்ளையோடு விடவே கூடாது என்பேன்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960-இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் இந்தியா முழுவதற்கும் உண்டு. எப்போதும் சங்கிலியில் கட்டி வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பது குற்றம். வளர்த்த பிராணியைத் தகுந்த காரணம் இல்லாமல் பட்டினி கிடக்கும்படி விட்டு விடுவதும் குற்றம். சாக்கில் போட்டுக் கொண்டு போகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

அந்த வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டுப் பக்கவாட்டில் பழைய தகரத்தால் சின்ன அடைப்புக் கட்டினார்கள். நிழலும் தண்ணீரும் அங்கே உண்டு. பகலில் டைகர் அதற்குள் அவிழ்ந்து கிடக்கும். மகன் தினமும் இருபது நிமிடம் முன்னால் எழுந்தான். ரயிலுக்கு முன் ஒரு நடை. இரவு வந்து ஒரு நடை.

நடத்திக் கூட்டிப் போவது

இழுக்கிற நாயோடு நடப்பது பெரிய பாடு. தோள் வலிக்கும். வண்டி வரும்போது பயமாக இருக்கும். ஆனால் நாய் ஏன் இழுக்கிறது? இழுத்தால் நாம் பின்னாலேயே போகிறோம். "இழுத்தால் வேண்டிய இடத்துக்குப் போகலாம்" என்று அது கற்றுக் கொள்கிறது. கற்றுக் கொடுப்பவர் நாம்தான்.

எனவே நாய் இழுத்த உடனே நில்லுங்கள். திட்ட வேண்டாம். கயிற்றை வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம். மரம் போல நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அது திரும்பிப் பார்க்கும். கயிறு தளரும். அப்போது நடங்கள். மறுபடி இழுத்தால் மறுபடி நில்லுங்கள். முதல் நாள் பத்து வீடு தாண்டவே அரை மணி ஆகும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தினமும் விடாமல் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஒரு நாள் நின்று, மறு நாள் பின்னால் ஓடினால் ஒன்றும் நடக்காது.

இரும்புச் சங்கிலியை விடத் தடித்த நூல் கயிறு நல்லது. ஆறு அடி போதும். கயிற்றைக் கையில் சுற்றிக் கொள்ளாதீர்கள். நாய் திடீரென்று பாய்ந்தால் விரல் முறியும். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். வாலிப நாய் வளர்ந்து கொண்டே இருக்கும். மாதம் ஒரு தடவை பட்டையைத் தளர்த்திப் பாருங்கள்.

நடக்கும்போது முகர்ந்து பார்க்க விடுங்கள். நமக்குச் செய்தித்தாள் எப்படியோ, நாய்க்குத் தெருவோர வாசனை அப்படி. யார் வந்தார், யார் போனார் என்று மூக்கால் படிக்கிறது. மோப்பம் பிடிப்பதிலும் நாய் களைத்துப் போகும்.

வெயிலில் கூட்டிப் போகாதீர்கள். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பத்து எண்ணுங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்து போகும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சயனைடு மேட்டுப் பக்கம் வேண்டாம். அது சுரங்கத்துக் கழிவு மண். அங்கே தேங்கிய தண்ணீரை நாய் குடித்து விடக் கூடாது.

எதிரே தெரு நாய்கள் கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, மெதுவாக வேறு பக்கம் திரும்பி நடங்கள்.

வீட்டுக்குள்ளே

மேலே பாய்கிற நாயை நாம் கையால் தள்ளுகிறோம். "சீ, போ" என்று கத்துகிறோம். நாய்க்கு அது விளையாட்டு. அதனால் பாய்ந்தால் கையைக் கட்டிக் கொண்டு திரும்பி நில்லுங்கள். பேசாதீர்கள். முகம் பார்க்காதீர்கள். நான்கு காலும் தரையில் பட்டதும் தடவிக் கொடுங்கள். ஒரு துண்டு சப்பாத்தியோ, உப்பில்லாத வேர்க்கடலையோ கொடுங்கள். வீட்டில் உள்ள அனைவரும் இதையே செய்ய வேண்டும். அப்பா தள்ளி, தம்பி கொஞ்சினால் நாய் குழம்பி விடும்.

பேசும் வார்த்தையும் அப்படித்தான். எங்கள் ஊரில் ஒருவர் "உட்கார்" என்பார். ஒருவர் "சிட்" என்பார். மூன்றாமவர் கன்னடத்தில் "கூத்கோ" என்பார். நாய்க்கு எந்த மொழியும் ஒன்றுதான். ஆனால் வீட்டுக்கு ஒரு வார்த்தை வேண்டும்.

செருப்பைக் கடிக்கிறதா? செருப்பை உயரத்தில் வையுங்கள். பழைய பருத்தித் துணியைப் பெரிய முடிச்சாகப் போட்டுக் கடிக்கக் கொடுங்கள். பச்சைக் கேரட்டும் கொடுக்கலாம். வெந்த கோழி எலும்பு வேண்டாம். அது ஊசி போல உடைந்து தொண்டையில் குத்தும்.

பாட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். டைகருக்கு மத்தியானம் ராகிக் களி. முன்பு தட்டில் வைப்பார். ஒரு நிமிடத்தில் தின்று விட்டுக் குரைக்கும். இப்போது களியைச் சின்ன உருண்டைகளாக உருட்டி, அடைப்புக்குள் அங்கங்கே ஒளித்து வைக்கிறார். கொஞ்சத்தைப் பழைய துணிக்குள் சுருட்டி வைக்கிறார். டைகர் தேடித் தேடித் தின்கிறது. பிறகு தூங்கி விடுகிறது.

சாயங்காலம் சில நாய்கள் பேய் பிடித்தது போலச் சுற்றிச் சுற்றி ஓடும். பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தானே நின்று விடும்.

மாட்டாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வயது

இந்த வயதில்தான் பெட்டை நாய் முதல் தடவை பருவத்துக்கு வரும். ஆறு மாதத்தில் இருந்து ஒரு வயதுக்குள் பெரும்பாலும் வந்து விடும். ஆண் நாய் பெட்டையைத் தேடி வேலி தாண்டும். வண்டியில் அடிபடும். கருத்தடை ஆபரேஷன் எப்போது செய்யலாம் என்று கால்நடை டாக்டரிடம் கேளுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போட வேண்டும். அப்புறம் டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடி போட வேண்டும். குட்டியில் ஒரு தடவை போட்டதோடு பலர் மறந்து விடுகிறார்கள். வெறிநோய் வந்து விட்டால் மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

நாய் கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். காபித் தூள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் வீட்டு நாய்தானே என்று இருந்து விடாதீர்கள். டாக்டர் சொன்ன எல்லா ஊசியும் போட்டு முடிக்க வேண்டும்.

நாய்க்கு ஊசி போட்டதும் மாட்டாஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அடுத்த ஊசித் தேதி அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு வைக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள்.