வாசல் ஓரத்தில் வெட்சி: பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு குட்டை வேலி

மிங்கலாடோன் என்றால் நம்மில் பலருக்கு யாங்கோன் விமான நிலையம்தான் ஞாபகம் வரும். அதைத் தாண்டி பியே சாலையில் வடக்கே போனால் டௌக்கியான் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கு. அக்யாப், மண்டலே, மெய்க்டிலா போன்ற தூர இடங்களில் கிடந்த கல்லறைகளைப் பராமரிக்க முடியாமல், எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர 1951-ல் தொடங்கிய தோட்டம் அது. அங்கே 6,374 கல்லறைகள். அவற்றில் 867 பேர் யார் என்றே தெரியாது. நடுவில் இருக்கும் ரங்கூன் நினைவுச் சின்னத்தில், கல்லறையே இல்லாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள். பெரும்பாலானவர்கள் அன்றைய இந்தியப் படையினர்.

தோட்டக்கலை பற்றிய கட்டுரையில் இது எதுக்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கு. இந்தத் தோட்டத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் உலகம் முழுக்க ஒரு பழக்கம் வைத்திருக்கிறது: கல்லறை ஓரமா வளரும் செடி, பெயரை மறைக்கக் கூடாது. அதே சமயம், மழையில் மண் தெறித்து எழுத்து மேலே படாமல் காக்கவும் வேணும். வருஷத்துக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை, அதுவும் பெரும்பாலும் மே முதல் அக்டோபருக்குள் கொட்டும் ஊரில், இது சாதாரண வேலை இல்லை.

நம்ம வீட்டு வாசல் வேலிக்கும் இதே கணக்குதான். எல்லையைக் காட்டணும், ஆனா மறைக்கக் கூடாது. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது, மூன்று வயசுக் குழந்தை வேலிக்குப் பின்னால் நின்றால் உங்களுக்குத் தலை தெரியணும். தனிமை வேணும் என்று நாலடி உயரத்துக்கு வேலி வளர்க்கிற பலர் இதை யோசிப்பதில்லை. டிரைவ்வே ஓரத்தில் வேலியின் உயரம் இரண்டடி, அதாவது 60 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம்.

ஏன் வெட்சி?

இட்லிப்பூ என்று பாட்டி சொன்னது, தென்கோடியில் தெச்சி என்பது, நர்சரியில் இக்ஸோரா என்று விற்பது எல்லாம் இதுதான். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த ஊர். தொல்காப்பியத்தில் புறத்திணைகளில் முதலாவதுக்கு இந்தப் பூவின் பேர்தான்: பகைவரின் ஆநிரையைக் கவரப் போகிறவர்கள் சூடும் பூ வெட்சி. லின்னேயஸ் 1753-ல் வைத்த 'இக்ஸோரா' என்ற பேரும், 'ஈஸ்வரன்' என்ற சொல் ஐரோப்பியர் வாயில் மாறியதால் வந்தது என்பார்கள். கிழக்கே மியான்மர் முதல் மேற்கே சுரினாம் வரை வெப்ப நாடுகள் எங்கும் இந்தக் குடும்பத்தைப் பார்க்கலாம். சுரினாமின் தேசிய மலரே இதுதான்.

வேலிக்கு இது பொருந்த மூன்று காரணங்கள். வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும். இலை நெருக்கமா வரும். முக்கியமா, நஞ்சு இல்லை. கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற வயசுப் பிள்ளை வீட்டில் இருந்தால், அரளி வேலி வேண்டவே வேண்டாம். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். உண்ணிச்செடியின் பச்சைக் காயும் ஆகாது. வெட்சியிலோ, பூவைப் பறித்து நடுவில் இருக்கும் மெல்லிய தண்டை மெதுவா இழுத்தால் நுனியில் ஒரு துளி தேன் வரும். நம்ம ஊர்ப் பிள்ளைகள் பல தலைமுறையா உறிஞ்சினது அதைத்தான். இரண்டு நிபந்தனைகள்: செடிக்கு மருந்து அடித்திருக்கக் கூடாது. பெரியவர்கள் 'இது வெட்சிதான்' என்று காட்டிய பிறகுதான் பறிக்கணும்.

மண்தான் எல்லாமே

வெட்சி செத்துப்போவதற்கு அதிகமா காரணம் ஆவது பூச்சி இல்லை, மண். இதுக்குப் புளிப்பு மண் வேணும், பிஎச் அளவு 5 முதல் 6 வரை. யாங்கோனின் வடக்கு மேட்டில் இருக்கும் செம்புரை மண்ணும், கேரளக் கரையின் மண்ணும் இயல்பாகவே அப்படித்தான். அங்கெல்லாம் சும்மா நட்டாலே வளரும்.

ஆனால் புது வீட்டுச் சுவர் ஓரமா நட்டால் என்ன ஆகும்? சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் காரமாக்கிவிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையா நிற்கும். இந்த அடையாளத்தைப் பார்த்ததும் யூரியாவைக் கொட்டாதீங்க. பிழைச் செய்தியைப் படிக்காமல் மெஷினை ரீஸ்டார்ட் பண்ற மாதிரிதான் அது. செய்ய வேண்டியவை இவை:

- சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டடி தள்ளி நடுங்க.
- குழியில் தொழு உரமும் தேங்காய் நார்க் கழிவும் கலங்க.
- மஞ்சள் தெரிந்தால் கிலேட் வடிவில் இரும்புச்சத்து கொடுங்க.
- ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை விட, பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது.

நடவும் கவாத்தும்

குட்டை ரகம் கேட்டு வாங்குங்க. உயர ரகத்தை வெட்டி வெட்டிக் குட்டையா வைத்திருக்கலாம், ஆனா வருஷம் முழுக்க அதே வேலையா இருக்கும். குட்டை ரகத்துக்கு ஓர் அடி முதல் ஒன்றரை அடி இடைவெளி போதும். தினமும் குறைந்தது நாலைந்து மணி நேரம் வெயில் வேணும். நிழலில் இலை வரும், பூ வராது.

காசை மிச்சப்படுத்தணும் என்றால், நான்கு முதல் ஆறு அங்குலம் நீளப் போத்துகளை மழைக்காலத் தொடக்கத்தில் ஈர மணலில் நடலாம். வேர் வர ஒன்றரை மாசம்கூட ஆகலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை யாங்கோனில் மழை இருக்காது. அந்த மாசங்களில் வேரைச் சுற்றிக் காய்ந்த இலையால் மூடாக்கு போட்டால் பாதித் தண்ணீர் வேலை குறையும்.

பூ வருவது புதுக் கிளையின் நுனியில். அதனால் மாசா மாசம் கத்தரியால் மட்டம் தட்டினால் பச்சைச் சுவர்தான் மிஞ்சும். பூத்து முடிந்ததும் ஒரு தடவை கவாத்து செய்து, அடுத்த பூ வரும்வரை விட்டுவிடுங்க. செடி மேலே எறும்பு வரிசையா ஏறினால் இலைக்கு அடியில் பாருங்க. மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம், அடித்த பிறகு வரும் பூவில் தேன் உறிஞ்ச வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்க.

குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு

சிங்கப்பூர், கோலாலம்பூர், தெற்கு ஃபுளோரிடா, குயின்ஸ்லாந்து வீடுகளில் வெட்சியை நேரா தரையிலே நடலாம். டொரண்டோவிலும் லண்டனிலும் முடியாது. குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலை புள்ளி விழுந்து உதிரும். தொட்டியில் வைத்து, கோடையில் வெளியே, மற்ற நாளில் வெயில் வரும் ஜன்னல் ஓரம் என்று வளர்க்கலாம்.

அந்த ஊர்களில் குட்டை வேலி என்றால் பாக்ஸ்வுட் செடிதான். அதுக்கு இப்போ ஒரு அந்துப்பூச்சித் தொல்லை. பிரிட்டனில் 2007-லும், கனடாவில் 2018-ல் டொரண்டோவிலும் கண்டுபிடித்தார்கள். அதன் புழு, வேலியையே இலையில்லாமல் மொட்டையாக்கிவிடும். வசந்த காலத்தில் செடியின் உள்பக்கம் நூலாம்படை மாதிரி வலை தெரிகிறதா என்று விலக்கிப் பாருங்க. புதுசா நடப்போகிறீர்கள் என்றால் சின்ன இலை ஜப்பானிய ஹாலி ரகங்களை யோசிக்கலாம். அதன் கறுப்புக் காய் மட்டும் வாயில் போகக் கூடாது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

ஒரு செடியைப் பிள்ளையின் பேரில் விடுங்க. தண்ணீர் ஊற்றுவது, எறும்பு வருதா என்று பார்ப்பது, கொத்தில் எத்தனை பூ என்று எண்ணுவது அவங்க பொறுப்பு. வெட்சியின் குழல் நீளமானது, அதனால் நீளமான உறிஞ்சு குழல் உள்ள பட்டாம்பூச்சிகள் தேடி வரும். போத்து, கவாத்து, மூடாக்கு, மாவுப்பூச்சி என்ற சொற்களை வீட்டுப்பாடமா சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளையும் கேட்காது. கையில் கத்தரியோடு நிற்கும்போது சொன்னால் தானா ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கே அந்தச் சொற்கள் புதுசு என்றால், ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஒரு வீடியோ கால் போட்டு, எங்கே வெட்டணும் என்று பேரப்பிள்ளையையே கேட்கச் சொல்லுங்க.