பத்துப் பேர்ச்சில் மூன்று குடும்பம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஓட்டு வீடு ஒன்று நிற்கும். அதன் தோளோடு தோளாக எட்டு மாடி எழுந்திருக்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் குளியலறை. யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வந்தவர்களும் வெளிநாட்டுப் பணமும் இங்கே சேர்ந்தபோது, ஒவ்வொரு மாடி வீட்டுக்கும் தனி உறுதி எழுத வழிவிட்ட 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தயாராக இருந்தது. தனி வீடுகள் தொடர்மாடிகளாயின.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஒரே காணியில், மூன்று மாடிக்கு மேல் போகாமல், இரண்டு மூன்று வீடுகள். வீட்டோடு ஒட்டித் தனி வாசலோடு கட்டும் கொழும்பு 'அனெக்ஸ்' இதன் எளிய வடிவம்தான்.

கணக்கு இப்படி. ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி. பத்துப் பேர்ச் என்றால் 30 அடி முகப்பும் 90 அடி நீளமும் கொண்ட காணி என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் மும்மூன்று அடி விட்டுக் கட்டினால் 540 சதுர அடி போய்விடும். அந்த இடுக்குகளில் பாசியும் ஏசி இயந்திரமும்தான் குடியிருக்கும். பக்கச் சுவரில் ஜன்னல் வைக்காமல் எல்லையோடு கட்டி, அதே இடத்தை நடுவில் சேர்த்தால் 20க்கு 27 அடி முற்றம் கிடைக்கும். முன்னே ஒரு வீடு, பின்னே ஒரு வீடு, மேலே ஒன்று. மூன்றுக்கும் வெளிச்சம் முற்றத்திலிருந்து. மேல்வீட்டுப் படி வீதிப் பக்கமே ஏற வேண்டும், இல்லையேல் கீழ்வீட்டாருக்கு நிம்மதி இராது.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1950களின் இறுதி தொடங்கி, பகதலே வீதியின் 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நாலு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கித் தன் இல்லமாக்கினார். நாலு குடும்பத்து இடத்தில் ஒருவர். அடர்த்திக் கணக்கில் தலைகீழ்தான். ஆனாலும் நெருக்கமான காணிக்குள் சிறு முற்றங்களால் வெளிச்சமும் காற்றும் வரும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

கொட்டாஞ்சேனைக்கு இது புதிதல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளுக்கு நடுமுற்றமே மூச்சு. அதைத் தகரத்தால் மூடி இன்னோர் அறை எடுப்பதுதான் அடர்த்தி கூட்டும் மோசமான வழி: பகலிலும் மின்குமிழ் எரிய வேண்டியிருக்கும்.

வடிவமைப்பால் மட்டும் தீராதது கழிவுநீர். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது. வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் போய் முடிகிறது. மாடி ஏற்றுபவர், கூரைத் தண்ணீரைக் கழிவுக் குழாயில் இணைக்காமல் முற்றத்து மண்ணில் விடலாம். அதற்கு முற்றத்தில் சீமெந்து போடக்கூடாது.