உணவும் சிறுநீரகமும்: ஓசையின்றி நிகழும் சேதம்

வயிறு கெட்டால் உடனே தெரிகிறது. சிறுநீரகமோ தன் ஆற்றலில் பாதிக்கு மேல் இழந்த பின்னும் பெரும்பாலும் வலியால் அதை உணர்த்துவதில்லை. சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்குப் புதிதாக ஆளாவோரில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீரிழிவே முதன்மைக் காரணம். சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. சீனரைவிட இந்தியரிடையே அந்நோய் மிகுதி. ஆகவே, இது நாம் நம் மொழியில் பேசித் தெளிய வேண்டிய பொருளாகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கிளாமருலஸ் எனும் நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சு வடிகட்டியாக நிற்கிறது. இவை யாவும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. எஞ்சியது இரத்தத்திற்கே மீள்கிறது.

இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, நெஃப்ரானின் குழல் அதனை உப்புடன் சேர்த்து மீட்டுக்கொள்கிறது. குழலின் பிற்பகுதிக்கு உப்பு குறைவாக வந்து சேர்வதால், இரத்த வரத்துப் போதவில்லை எனக் கொண்டு சிறுநீரகம் உள்வரும் நாளத்தை விரிக்கிறது. கிளாமருலசுக்குள் அழுத்தம் ஏறுகிறது. தொடக்கத்தில் வடிப்பு கூடுவதால் யாவும் நலமெனத் தோன்றும். ஆண்டுகள் செல்லச் செல்ல வடிகட்டியின் சுவர் தடிக்கிறது. அதனைத் தாங்கும் உயிரணுக்கள் உதிர்கின்றன. உதிர்ந்தவை எளிதில் மீண்டும் முளைப்பதில்லை. அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிகிறது. உணவில் மிகும் உப்பு, இரத்த அழுத்தத்தை உயர்த்தி இச்சேதத்தை விரைவுபடுத்துகிறது. இறுதியில் அமிலமும் பொட்டாசியமும் உடலில் தேங்குகின்றன, இரத்தசோகை உண்டாகிறது, எலும்பும் நலிகிறது.

2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, சிங்கப்பூரர் நாள்தோறும் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொண்டனர். உலகச் சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு 2,000 மில்லிகிராம். தேக்கா நிலையத்தில் பிரியாணியின் மீது ஊற்றப்படும் குழம்பு, அதனுடன் வரும் ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றிலேயே அந்த வரம்பின் பெரும்பகுதி தீர்ந்துவிடக்கூடும். தே தாரிக்கின் கெட்டிப்பாலில் சர்க்கரை மறைந்திருக்கிறது. பொட்டலப் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடைகளில் கலந்து தரப்படும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் ‘ஏ’ முதல் ‘டி’ வரையிலான தரக்குறியீடு நடப்புக்கு வந்துள்ளது. ஆயினும் பெருமளவு நம் நாவிலேயே இருக்கிறது: ‘சியூ தாய்’ என்றால் இனிப்புக் குறையும், ‘தே ஓ கோசோங்’ என்றால் பாலும் இனிப்பும் இரா, ‘குழம்பைத் தனியே தாருங்கள்’ என்றால் உப்பின் அளவு நம் கைக்கு வரும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சோடியம் குறைந்த மாற்று உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் அவற்றைப் பயன்படுத்தலாகாது.

கசிவு தொடங்கும் நிலையிலேயே கண்டறிந்தால் சேதத்தைப் பெரிதும் தாமதப்படுத்தலாம். சர்க்கரையும் உப்பும் மீளும் அந்த வாயிலையே அடைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. ஆகவே நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பலதுறை மருந்தகத்தில் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: “என் சிறுநீரில் அல்புமின் கசிகிறதா?” நம் இல்லத்து முதியோர்க்கு அவ்வினாவைத் தமிழில் கற்றுக்கொடுப்பது நம் கடமை.