உங்களுக்குத் தெரியுமா? கார் வராத பிரெஞ்சு சைக்கிள் பாதைகள்!

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை டிவியில் பார்த்து வாய் பிளந்திருப்பீர்கள். அதை ஒரு ஓரமாக வையுங்கள்! அதே நாட்டில் ஒரு ஹார்ன் சத்தம்கூடக் கேட்காமல் நாள் முழுக்க மிதிக்கலாம். ரயில், படகு, ராணுவம் எல்லாம் விட்டுவிட்டுப் போன பாதைகள்! தேடத் தேடக் கிடைத்தவற்றை இங்கே கொட்டியிருக்கிறேன். அள்ளிக்கொள்ளுங்கள்!

பிரான்சின் முதல் 'பசுமை வழி' ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம்! பர்கண்டியில் ஜிவ்ரி ஊரிலிருந்து க்ளூனி வரை 44 கி.மீ. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தார் போட்டார்கள், 1997-இல் திறந்துவிட்டார்கள். காருக்கும் மோட்டார் பைக்குக்கும் அங்கே வேலையே இல்லை!

நீராவி இன்ஜினுக்குச் செங்குத்தான ஏற்றம் என்றாலே ஆகாது. அதனால் பழைய ரயில் தடங்கள் மேட்டு நிலத்திலும் ஏறுவதே தெரியாமல் ஏறும். கணக்குப் போட்டு வியர்த்தவர் 19-ஆம் நூற்றாண்டு இன்ஜினியர். சுகம் இன்றைக்கு சைக்கிள் ஓட்டும் தாத்தாவுக்கு!

க்ளூனிக்குத் தெற்கேயும் நீளும் அந்தப் பழைய ரயில் தடம் ஒரு குன்றைத் துளைத்துக்கொண்டு போகிறது. புவா கிளேர் சுரங்கம். நீளம் 1,601 மீட்டர்! உள்ளே சைக்கிளில் போகலாம். குளிர்காலத்தில் மட்டும் மூடிவிடுவார்கள். பனியா? பாறைச் சரிவா? இல்லை, வௌவால்கள்! அவை உள்ளே தொங்கியபடி மாதக்கணக்கில் தூங்கும். அதுவரை மனிதர்கள் குன்றைத் தாண்டித்தான் போகவேண்டும்!

போர்தோ பக்கம் இன்னொரு பழைய ரயில் தடம். அதற்கு வைத்த பெயர் ரோஜே லாபேபி. 1937-இல் டூர் டி பிரான்ஸ் வென்றவர். ஓடுகிற சைக்கிளிலேயே சங்கிலியை நகர்த்தி கியர் மாற்றும் கருவியோடு அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஆள்! அதற்கு முன்பெல்லாம் என்ன செய்தார்கள்? மலை வந்தால் இறங்குவார்கள். பின்சக்கரத்தைக் கழற்றுவார்கள். திருப்பி மாட்டுவார்கள். பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே!

இதில் வேடிக்கை, ஊர் சுற்றும் சாதாரண சைக்கிள்காரர்கள் அதற்குப் பல வருடம் முன்பே கியர் மாற்றிக்கொண்டிருந்தார்கள்! புண்ணியம் கட்டிக்கொண்டவர் சேந்த்-எத்தியென் நகரத்துப் பால் த விவி. 'வெலோசியோ' என்ற பெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டு சைக்கிளே கதியென்று கிடந்தவர். சுத்த சைவம் வேறு! மலைச்சாலைகளில் இரவும் பகலும் சுற்றியவரை 1930-இல் இடித்தது எது தெரியுமா? டவுனுக்குள் ஓடிய டிராம்!

இப்போது கால்வாய்கள். இங்கேதான் எனக்குத் தலையே சுற்றியது!

துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் கனால் து மிதி. நீளம் 240 கி.மீ. வெட்டத் தொடங்கிய வருடம் 1666! வெட்டியவர் பியர்-போல் ரிக்கே. இன்ஜினியர் என்று நினைத்தீர்களா? உப்பு வரி வசூலித்தவர்! சொந்தப் பணத்தையும் அதில் கொட்டினார். 1681-இல் கால்வாய் திறந்தது. ரிக்கே 1680-இலேயே போய்விட்டார். சில மாதத்தில் தப்பிய வாய்ப்பு!

அதே கால்வாயில் மால்பா என்ற இடம். 1679-இல் குடைந்த சுரங்கம். உலகிலேயே படகு போவதற்காகக் குடைந்த முதல் கால்வாய்ச் சுரங்கம் இதுதான்! படகு மலைக்கு உள்ளே போகும். சைக்கிளில் வரும் நீங்கள் அதன் தலைக்கு மேலே போவீர்கள்!

கரையெங்கும் பிளேன் மரங்கள் இருந்தன. சுமார் 42,000! நிழல் என்றால் அப்படியொரு நிழல். ஆனால் 2006-இல் ஒரு பூஞ்சை நோய் நுழைந்தது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. வேறு ஜாதி மரங்களை நட்டு வருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை! துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. வழவழவென்று தார். அதற்கப்புறம் பல இடங்களில் மண் பாதை, வேர், பள்ளம். மெலிந்த ரேஸ் டயர் போட்டுக்கொண்டு போனால் உங்கள் முதுகெலும்பு என்னைத் திட்டும்!

படகு லிஃப்டில் ஏறுமா? ஏறும்! கிழக்கே அர்ஸ்வில்லர் என்ற ஊரில் தண்ணீர்த் தொட்டியோடு படகை ஒரு சரிவில் ஏற்றுகிறார்கள். உயரம் 44.55 மீட்டர். நேரம்? நான்கே நிமிடம்! 1969-க்கு முன் 17 மதகுகளைத் தாண்டி அதே உயரம் ஏற ஒரு முழு நாள் ஆகும். அந்தப் 17 மதகுகளும் இருந்த பள்ளத்தாக்கு இப்போது யாருக்கு? சைக்கிளுக்கு! மதகுக்காரர்களின் குட்டி வீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன.

நதிக்கு மேலே இன்னொரு நீரோட்டம்! பிரியார் ஊரில் லுவார் நதியின் மேல் ஒரு பாலம். அதில் லாரி போகாது, கால்வாய்தான் போகும். 662 மீட்டர். 1896-இல் திறந்தது. தூண் வேலை ஐஃபெல் கம்பெனியுடையது! ஆமாம், கோபுரம் கட்டிய அதே ஐஃபெல்! 2003 வரை இந்த வகையில் உலகிலேயே நீளமான பாலம் இதுதான்.

பிரியார் வழியாகப் போகும் லுவார் நதிக்கரை சைக்கிள் பாதை சுமார் 900 கி.மீ! கோட்டை, கோட்டை, மீண்டும் கோட்டை. கடைசியில் அட்லான்டிக் கடற்கரையில் உங்களை வரவேற்பது ஒரு பிரம்மாண்டப் பாம்பின் எலும்புக்கூடு! அலுமினியச் சிற்பம், சுமார் 130 மீட்டர். அலை ஏறினால் முங்கும். வடிந்தால் பல்லைக் காட்டும்!

பிரித்தானியக் கப்பல்கள் துறைமுகங்களை மறிக்கின்றனவா? உள்நாட்டுக்குள்ளேயே ஒரு கால்வாய் வெட்டு என்றார் நெப்போலியன். நான்ட் முதல் பிரெஸ்ட் வரை 364 கி.மீ., 238 மதகுகள்! கைதிகளை வைத்தும் தோண்டினார்கள். வேலை முடிவதற்குள் நெப்போலியனே போய்விட்டார். பிறகு 1930-இல் நடுவே ஓர் அணை கட்டினார்கள். 17 மதகுகள் ஏரிக்குள் போயே போய்விட்டன! இப்போது அந்தக் கரையில் சரக்கு இல்லை, பீரங்கி இல்லை. நாரை, மீன்பிடிக்காரர், சைக்கிள்!

போர்தோவுக்கு மேற்கே பைன் காட்டில் சில சைக்கிள் பாதைகள் காங்கிரீட். யார் போட்டது? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம்! கடற்கரை அரண்களுக்குச் சாமான் கொண்டுபோகப் போட்டார்கள். இன்று அதே காங்கிரீட்டில் குழந்தைகள் பள்ளி விடுமுறைக்குப் பறக்கிறார்கள்!

அந்தப் பக்கத்து ஆட்டிடையர்கள் சதுப்பு நிலத்தில் பொய்க்கால் கட்டைமேல் நின்றுதான் மந்தை மேய்த்தார்கள். அதே ஊர்ப்பக்கத்து பேக்கரிக்காரர் ஒருவர், சில்வென் டோர்னோன், 1891-இல் பாரிசிலிருந்து மாஸ்கோவுக்கே அப்படி நடந்தார்! இவருக்கு எதற்கு சைக்கிள்!

ஒரு சாலை தினமும் இரண்டு முறை காணாமல் போகிறது! நுவார்மூத்தியே தீவுக்குப் போகும் பாசாஜ் து குவா. 4 கி.மீ.க்குச் சற்று மேல். அலை ஏறினால் சாலை கடலுக்கு அடியில்! நடுவே மாட்டிக்கொண்டால்? அதற்கென்றே உயரமான கம்பங்கள் நட்டு வைத்திருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்து அடுத்த இறக்கம் வரை காத்திருங்கள்! 1999 டூர் டி பிரான்ஸில் பாசி வழுக்கி இங்கே வீரர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். ஆலெக்ஸ் ஸூலே அந்த ஒரே நாளில் இழந்தது ஆறு நிமிடத்துக்கும் மேல்!

ரே தீவில் சைக்கிளில் போகும்போது பேன்ட் போட்ட கழுதையைப் பார்த்தால் கண்ணைக் கசக்காதீர்கள். உண்மைதான்! உப்பளத்துக் கொசுவிடமிருந்து காலைக் காப்பாற்ற மாட்டிவிட்ட வழக்கம் அது!

தனிப் பாதை இல்லாத இடத்தில்? பிரான்சில் சாலைகளின் மொத்த நீளம் 10 லட்சம் கி.மீ.க்கு மேல்! பெரும்பாலானவை கிராமத்துக் குட்டிச் சாலைகள். மிஷெலின் வரைபடத்தில் சிவப்பை விடுங்கள், மஞ்சளை விடுங்கள், வெள்ளைக் கோட்டைப் பிடியுங்கள். அதில்தான் டிராக்டரும் கோழியும் மட்டும் எதிரே வரும்! குட்டி அம்புக்குறி கண்டால் உஷார். ஒன்று என்றால் 5 சதவீத ஏற்றம் முதல். மூன்று என்றால் 13 சதவீதத்துக்கு மேல்! அம்பின் முனை மேட்டைப் பார்த்திருக்கும்.

ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் 1.5 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். சட்டம்! அதற்காக நடுவிலுள்ள முழுக்கோட்டையே தாண்டிக்கொள்ளவும் 2015 முதல் அனுமதி உண்டு!

சைக்கிள்காரர்களுக்கென்றே ஒரு தேவாலயம்! தென்மேற்கில் லபாஸ்தித்-தார்மன்யாக் கிராமத்தருகே. 1959 முதல். சுவரில் தொங்குவதெல்லாம் பந்தய வீரர்களின் பனியன்கள். நூற்றுக்கணக்கில்!

ஆல்ப்ஸ் மலையில் கோடையில் சில காலைகளில் கணவாய்ச் சாலைகளையே கார்களுக்கு மூடிவிடுகிறார்கள். இஸுவார், 2,360 மீட்டர். கலிபியே, 2,642 மீட்டர். டூர் டி பிரான்ஸ் வீரர்கள் நாக்குத் தள்ளும் அதே சாலை, காலையில் உங்களுக்கு மட்டும்!

அங்கே ஏறுபவர்களில் பலருக்கு ஒரு ரகசிய ஆசை உண்டு. 'நூறு கணவாய் கிளப்'. 1972-இல் தொடங்கியது. சேர வேண்டுமா? சைக்கிளில் சொந்தக் கால் பலத்தால் 100 கணவாய்கள் ஏறியிருக்க வேண்டும். அதில் குறைந்தது ஐந்து 2,000 மீட்டருக்கு மேல்! வீட்டுப் பக்கத்துக் கணவாயையே நூறு தடவை ஏறினால்? ஒன்று என்றுதான் கணக்கு!