பந்து நகருதா, பஸ் நகருதா?

மாட்டுத்தாவணியில் கிளம்பாத பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும்போது நம்ம எல்லாருக்கும் இது நடந்திருக்கும். பக்கத்து பஸ் ரிவர்ஸ் எடுக்கும். நம்ம பஸ்தான் கிளம்பிடுச்சுன்னு ஒரு நொடி நினைப்போம். அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தால் அதே டீக்கடை அங்கேயே இருக்கும். இந்தக் குழப்பத்தைப் புரிஞ்சுக்கிட்டால் ஆப்டிகல் டிராக்பால் பாதி புரிஞ்ச மாதிரி.

நான் டிராக்பாலை முதலில் கவனிச்சது காலேஜ் லேபில் இல்லை. போன செமஸ்டர் லீவில் அப்பத்தாவுக்கு விலாவில் வலி. மேலூரிலிருந்து கூட்டிட்டு வந்து, மாட்டுத்தாவணி பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் காட்டினோம். டாக்டரின் வலது கையில் புரோப். இடது கை, மெஷினில் பதிச்சிருந்த ஒரு பந்தை உருட்டிக்கிட்டே இருந்தது. திரையில் ஒரு கூட்டல் குறி ஓடி, கிட்னிக் கல்லின் ஒரு ஓரத்தில் நின்றது. கிளிக். மறு ஓரம். நடுவில் குறி திக்கித் திக்கி நகர்ந்தது. டாக்டர் திருப்தி ஆகாமல் திரும்ப அளந்தார். மருந்தில் சரியாகுமா, வேற சிகிச்சை வேணுமா என்று முடிவு பண்ண கல்லின் அளவு முக்கியம். பந்து தப்பா காட்டினால் என்ன ஆகும்? அந்தப் பயத்தில்தான் இதைப் படிக்க ஆரம்பிச்சேன்.

ஏன் மவுஸ் இல்லை?

மவுஸுக்கு ஓட இடம் வேணும். ஸ்கேன் மெஷின் சக்கரம் வச்ச வண்டி, அதில் மேஜை கிடையாது. டிராக்பால் இருந்த இடத்திலேயே இருக்கும், பந்து மட்டும்தான் சுழலும்.

இது மவுஸை விட மூத்தது. ரால்ஃப் பெஞ்சமின் 1946-லேயே பிரிட்டிஷ் கடற்படையின் ரேடார் வேலைக்காக இதை யோசிச்சார். 1952-ல் கனடா கடற்படையின் டேட்டார் புராஜெக்டில் பௌலிங் பந்தையே போட்டு ஒண்ணு செஞ்சாங்க. டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை மேடையேற்றியது 1968-ல்தான்.

பழைய மாடல்களில் பந்து ரெண்டு உருளைகளைச் சுத்தும். உருளையில் அழுக்கு ஒட்டினால் குறி நின்னுடும். ஆப்டிகல் மாடலில் அந்த உருளைகளே கிடையாது.

உள்ளே என்ன நடக்குது?

பந்துக்குப் பக்கத்தில் ஒரு எல்ஈடி அல்லது லேசர் வெளிச்சம் அடிக்கும். ஒரு குட்டி கேமரா சென்சார் பந்தின் மேற்பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும். பந்தில் இருக்கும் புள்ளிகள் முந்தின படத்தில் எங்கே இருந்தன, இந்தப் படத்தில் எங்கே இருக்கின்றன என்று சிப் ஒப்பிடும். அந்த வித்தியாசம்தான் எக்ஸ், ஒய் எண்களாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். சில பந்துகளில் புள்ளி போட்டிருப்பது அழகுக்காக இல்லை. புள்ளியோ, நுணுக்கமான சொரசொரப்போ எதுவுமே இல்லாத பரப்பு என்றால், இருட்டில் ஓடும் பஸ்ஸின் ஜன்னலைப் பார்ப்பது போலத்தான். நகர்வது தெரியாது.

இப்போ பஸ்ஸுக்கு வருவோம். மவுஸில் சென்சார் ஓடும், மேஜை நிற்கும். டிராக்பாலில் சென்சார் நிற்கும், பந்து ஓடும். ரெண்டில் எது நகர்ந்தது என்று சென்சாருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. டிராக்பால் என்பது மேஜையைப் பந்தாச் சுருட்டி வச்ச மவுஸ், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. பந்தின் விட்டம் 40 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 126 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 5 இன்ச். சென்சார் ஒரு இன்ச்சுக்கு 400 முறை எண்ணினால் (இதைத்தான் சிபிஐ என்பாங்க, ரெய்டு வர்ற சிபிஐ இல்ல), ஒரு முழுச் சுற்றுக்கு சுமார் 2000. ஒரு எண்ணுக்கு ஒரு பிக்சல் என்று வச்சால், 1920 பிக்சல் திரையை ஒரே சுற்றில் கடந்துடலாம்.

அப்போ ஏன் திக்குச்சு?

பந்து மூணு குட்டி பேரிங் மேல் உட்கார்ந்திருக்கும், மூணு கல் அடுப்பில் பானை உட்கார்ற மாதிரி. விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் அங்கேதான் சேரும். சென்சார் கண்ணாடியில் படிஞ்சால் படமும் மங்கும். ஸ்கேன் சென்டரில் கேட்டப்போ டெக்னீஷியன் அண்ணன் சிரிச்சார்: "ஜெல்லு தம்பி. கையில ஒட்டி, பந்துல ஒட்டி உள்ள போயிரும். கழட்டித் துடைச்சா சரியாயிரும்."

என் பயத்துக்கும் பதில் கிடைச்சது. மெஷின் அளப்பது பந்து எவ்வளவு உருண்டது என்பதை இல்லை. குறி கடைசியாக எங்கே நின்றது என்பதைத்தான். பந்து பத்து எண்ணைத் தவறவிட்டாலும் டாக்டர் திரையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் உருட்டுவார். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படிச்ச குளோஸ்டு லூப் இதுதான். அந்த லூப்பை மூடுவது டாக்டரின் கண். கிளிக் பண்ணும் நேரத்தில் குறி துள்ளினால்தான் ஆபத்து. அதனால்தான் அவர் ரெண்டு தடவை அளந்தார்.

உங்க ஹாஸ்டலில் "செத்துப்போச்சு" என்று யாராவது ஒரு டிராக்பாலைப் பெட்டியில் போட்டிருந்தால், தூக்கி எறியும் முன்னாடி யூஎஸ்பியைப் பிடுங்கிட்டுப் பந்தை வெளியே எடுங்க. மூணு பேரிங்கையும் சென்சார் கண்ணாடியையும் காய்ந்த மெல்லிய துணியால் துடைங்க. பெரும்பாலும் அது சாகலை, அழுக்காகி இருக்கு.

அப்பத்தாவுக்கு மருந்தே போதும்னு சொல்லிட்டாங்க. திரும்பிப் போகும்போது பக்கத்து பஸ் நகர்ந்ததும், "ஏப்பா, கிளம்பிருச்சா?" என்று கேட்டுச்சு. "இல்ல அப்பத்தா, அந்த பஸ்ஸு" என்றேன்.